விரல் முந்தி, டும் பிந்தி

எங்கள் மெல்லிசைக் குழுவில் யாரையும் மேடையில் பெயர் சொல்லி அறிமுகம் செய்வதில்லை. வாத்தியத்தையும் ஊரையும்தான் சொல்வார்கள். "தபலா, கும்பகோணம்." "புல்லாங்குழல், காரைக்குடி." "வாய்ப்பாட்டு, ஈரோடு" என்றால் அது என் அண்ணி. குழுவில் எல்லோரும், ஹைதராபாத்தை ஒட்டிய திருமுல்கேரியில் பாதுகாப்புத் துறை வேலைக்கு வந்து அங்கேயே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பத்தினர். பெயரைச் சொன்னால் சொந்தக்காரன் மட்டும் கைதட்டுவான், ஊரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் அத்தனை பேரும் கைதட்டுவார்கள் என்பது குழுத் தலைவரின் கணக்கு. அவர் அலுவலகத்திலும் கணக்குப் பிரிவுதான். மேடையில் கடைசியாகத் தன்னைத் தானே "கீபோர்டு, திருநெல்வேலி" என்று சொல்லிக்கொண்டு வெட்கப்படாமல் கும்பிடுவார்.

நான் அந்த மைக்கில் கேட்க ஆசைப்பட்டது "டிரம்ஸ், பொள்ளாச்சி". அவர் சொல்லத் தயாராக இருந்தது "கம்ப்யூட்டர், பொள்ளாச்சி". இந்த ஒரு சொல்லுக்காக மழைக்காலம் தொடங்கிப் பொங்கல்வரை நான் மல்லுக்கட்டினேன். இன்று நினைத்தாலும் அந்தக் கோபம் அப்படியே வருகிறது, பின்னாலேயே சிரிப்பும் வந்துவிடுகிறது.

அப்போது விமான நிலையம் ஊருக்கு வெளியே மாறவில்லை, இன்னும் பேகம்பேட்டில்தான் இருந்தது. நான் கச்சிபௌலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். வீட்டில் எல்லோரும் எனக்கு இது பிறவிக் குணம் என்பார்கள். அண்ணன் குடும்பத்தோடு திருமுல்கேரியில் தங்கியிருந்ததால், தினமும் கம்பெனி பஸ்ஸில் ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும். போகும்போது ஒரு தூக்கம், வரும்போது ஒரு தூக்கம் என்று மற்றவர்கள் இருக்க, நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்து 'டும்' செய்துகொண்டிருந்தேன்.

செய்துகொண்டிருந்தேன் என்பது சரியான சொல்தான். அலுவலகத் தோழி ஒருத்தி கொடுத்த டிரம் மெஷின் மென்பொருள் அது. திரையில் வரிசையாகத் திருகுகள் இருக்கும். அதில் ஆயத்தமாகக் கிடைத்த சத்தங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் வாங்கிய தோசை மாவு போல எல்லார் வீட்டிலும் ஒரே புளிப்பு. ஒரு வெறும் ரீங்காரத்தை எடுத்து, அதன் சுருதியை மேலிருந்து சட்டென்று கீழே விழவைத்தால் அது 'டும்' என்று ஆகும் என்று நானாகத்தான் கண்டுபிடித்தேன். மெதுவாக விழவைத்தால் 'டூம்ம்'. இன்னும் மெதுவாக, வழுக்கிக்கொண்டு விழவைத்தால் உறுமி மேளம். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோயில் நோம்பியில், அதாவது திருவிழாவில், கேட்ட அதே உறுமல், பஞ்சாகுட்டா நெரிசலில் பஸ் நிற்கும்போது என் காதுக்குள் எழுந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அடித்தால் 'ட்ஷ்' என்று சிதறும் ஸ்நேர் டிரம்மைச் செய்வது அதைவிட வேடிக்கை. முறத்தில் அரிசி புடைக்கும்போது வரும் 'ஸ்ஸ்' தான் அதன் பாதி உடம்பு. மென்பொருளில் அந்த இரைச்சலுக்குத் தனித் திருகு உண்டு. அதை வெட்டி, குட்டையாக்கி, கீழே ஒரு மரக்கட்டைச் சத்தத்தை வைத்தால் ஸ்நேர். பிறகு தெருவில் பிள்ளையார் ஊர்வலம் போகும்போது கேட்கும் தீன்மார். ஹைதராபாத்தில் கல்யாணமோ ஊர்வலமோ, அந்த அடி விழுந்தால் கால் தானாக எழும். அதன் தோல் சத்தத்தைச் செய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. முதல் பத்து முயற்சியும் அட்டைப்பெட்டியைத் தட்டியது போலத்தான் இருந்தன. என் குறையை நானே கண்டுபிடித்து நானே திருத்தும் வேலை என்பதால் அலுக்கவே இல்லை.

அந்த ஆண்டு மழைக்கால ஆரம்பத்தில் குழுவின் டிரம்ஸ்காரருக்கு வடக்கே மாற்றல் வந்தது. பொங்கல் விழா எங்கள் குழுவுக்கு வருடத்தின் ஒரே பெரிய மேடை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அண்ணியோடு போயிருந்தபோது எல்லோரும் துக்க வீடு போல உட்கார்ந்திருந்தார்கள். நான் லேப்டாப் பையை மேசைமேல் வைத்து, "சார், டிரம்ஸ் நான் வாசிக்கறனுங்க" என்றேன்.

தலைவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுலயா? சரி, காட்டு பாப்பம்."

நான் ஏற்கெனவே ஒரு கும்மிப் பாட்டுக்குத் தாளம் எழுதி வைத்திருந்தேன். அண்ணி வழக்கமாகப் பாடும் பாட்டு. தட்டிவிட்டேன், தாளம் ஓடியது. முதல் இரண்டு வரி அமர்க்களம். மூன்றாவது வரியின் முடிவில் அண்ணி ஒரு இழுப்பு இழுப்பார். எத்தனை நேரம் என்று அவருக்கே தெரியாது. மூச்சு இருக்கும்வரை இழுப்பார். அந்த இழுப்புக்காகத்தான் கூட்டமே காத்திருக்கும். என் தாளம் காத்திருக்கவில்லை. அண்ணி பாதி இழுப்பில் இருக்கும்போதே அது அடுத்த வரிக்குப் போய் 'டும் டும்' என்று தனியாக ஆடிக்கொண்டிருந்தது. தபலாக்காரர் கையை எடுத்துவிட்டார்.

"நக்கோம்மா நக்கோ" என்றார் தலைவர். திருநெல்வேலியை விட்டு வந்து அத்தனை வருடம் ஆனதில் அவர் தமிழுக்குள், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பது போல, சில ஹைதராபாத்துச் சொற்கள் குடியேறியிருந்தன. "கிரைண்டர் ஓடுத மாதிரில்லா ஓடுது. மாவு வேணா ஆட்டிக்கிடலாம். பாட்டுக்கு ஒருத்தர் அடிக்கணும்மா, இது பட்டன அமுக்கிட்டு காப்பி குடிக்கப் போற வேல. மேடையில உக்காரணும்னா உக்காரு, கம்ப்யூட்டர்னு சொல்லுதேன். டிரம்ஸ்னு சொல்ல மாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட எரிச்சல், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாளத்தை எழுதிவைத்து ஓடவிட்டால் அது வாசிப்பு ஆகாதுதான். வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் அண்ணியிடம், "இனிமே ஒவ்வொரு அடியும் என் விரல்தான் அடிக்கும்" என்றேன். "முதல்ல பையை மடியில வை கண்ணு, விழுந்துரப் போகுது" என்றார் அண்ணி.

ஒரு பழைய டைப் அடிக்கும் கீபோர்டை லேப்டாப்பில் செருகினேன். நீளமான ஸ்பேஸ் பட்டைக்குக் கட்டை விரலால் 'டும்'. நடு எழுத்துகளில் ஸ்நேர். ஓரத்து எழுத்துகளில் உறுமியும் தீன்மாரும். அடித்தால் சத்தம் வந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தி வந்தது. கண் இமைக்கும் நேரம்தான். தாளத்தில் கண் இமைக்கும் நேரம் என்பது ஒரு கிலோமீட்டர்.

காரணம் எனக்குத் தெரியும். லேப்டாப் பழசு. பந்தியில் பரிமாறுகிறவர் ஒவ்வொரு கரண்டிக்கும் சமையலறைக்கு ஓடாமல் வாளி நிறையச் சாம்பாரைச் சேர்த்துக்கொண்டு வருவது போல, அது சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும். அதற்குப் பஃபர் என்று பெயர். வாளியைச் சின்னதாக்கினால் சத்தம் சீக்கிரம் வரும், ஆனால் அந்தக் கிழட்டு லேப்டாப் திணறிப்போய்க் கடுகு வெடிப்பது போலப் படபடக்கும். பெரிய வாளியோடுதான் பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சத்தம் பிந்தினால் விரல் முந்த வேண்டியதுதான்.

சொல்வது சுலபம். ஒவ்வொரு அடியையும் அது விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அடிக்க வேண்டும். காது ஓரிடத்திலும் கை வேறிடத்திலும் இருக்கும். முதல் வாரம் எனக்குத் தலைசுற்றியது. காலையில் அண்ணி சமைத்துக்கொண்டே பாடுவார், நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடிப்பேன். கும்மிப் பாட்டின் அந்த இழுப்புதான் பெரிய வில்லங்கம். இழுப்பு முடிந்த அந்த நொடியில் 'டும்' விழ வேண்டும். என் விரலோ அதற்கு முன்பே, அண்ணி இன்னும் பாடிக்கொண்டிருக்கும்போதே இறங்க வேண்டும். அவர் எப்போது முடிப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

அடுப்பைப் பார்த்து நின்ற அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டே அடித்ததில் ஒரு நாள் பிடிபட்டது. மூச்சு முடியப் போகும்போது அவருடைய வலது தோள் கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு முறையும் இறங்கும். தோள் இறங்கியதும் நான் அடித்தால், குரல் நிற்கவும் 'டும்' விழவும் சரியாக இருந்தது. அண்ணி கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"எப்படிக் கண்ணு கரெக்டா வந்த?"

"சொல்ல மாட்டேனுங் அண்ணி. சொன்னா நீங்க தோளைப் புடிச்சுக்குவீங்க" என்று அப்போதே சொல்லித் தொலைத்துவிட்டேன். இரண்டு நாள் அவர் தோளை இறுக்கிக்கொண்டு பாடினார். மூன்றாம் நாள் மறந்துபோனார். நல்லவேளை.

மார்கழிக் குளிரில் மறுபடியும் ஒத்திகைக்குப் போனேன். தலைவர் கும்மிப் பாட்டைக் கேட்டார். பாட்டு முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவால்ல. ஆனா மேடையில என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணு செய்வோம். சிகந்திராபாத்துல இருந்து டிரம்ஸ்காரர் ஒருத்தருக்குச் சொல்லிருக்கேன், செட்டோட வந்து உக்காந்துருவாரு. கும்மிப் பாட்டு மட்டும் நீ அடி. நல்லா வந்துச்சுன்னா மிச்சத்தையும் நீ அடி. சொதப்புச்சுன்னா அவரு அடிப்பாரு. சரிதானா?"

"நல்லா வந்தா டிரம்ஸ்னு சொல்வீங்களா சார்?"

"வரட்டும்மா, பாப்பம்" என்றார்.

பொங்கல் விழா எங்கள் காலனித் திடலில். மதியமே மேடை தயார். வாடகை டிரம்ஸ்காரர் தன் செட்டை மேடையின் இடது ஓரத்தில் பூட்டி முடித்து, குச்சியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் கீபோர்டைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். மைக்செட்காரர் ஹைதராபாத் உருதுவில் பேசும் உற்சாகப் பேர்வழி. என் லேப்டாப்பிலிருந்து நேரடியாக வயர் எடுத்தால் 'ஙொய்' என்று இரைகிறது என்று, தன் பெட்டியிலிருந்து, லேப்டாப்பின் ஒலி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு புத்தம்புது சவுண்டு டப்பாவை எடுத்து மாட்டினார். இரைச்சல் போயே போய்விட்டது. என் 'டும்' அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் வந்தபோது என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. நான் செய்த சத்தம், பஸ்ஸில் உட்கார்ந்து நான் செய்த சத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அண்ணி பாட ஆரம்பித்தார், ஒலிச் சோதனைக்காக நானும் அடித்தேன், எல்லாம் நாசமாயிற்று. என் ஒவ்வொரு அடியும் பாட்டுக்கு முன்னால் ஓடியது. நிதானமாக்கிப் பார்த்தேன், இன்னும் மோசம். இழுப்பு முடிவதற்குள்ளேயே 'டும்' விழுந்து அண்ணியின் குரலை நடுவில் வெட்டியது.

"என்னம்மா இப்படி ஓடுத? பஸ்ஸப் புடிக்கப் போறியா?" என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. அவர் இடது பக்கம் திரும்பி வாடகை டிரம்ஸ்காரருக்குக் கையைக் காட்டினார். அவர் எழுந்து தன் ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவில்லை. ஆனால் அழுகையோடு அழுகையாக, டெஸ்டிங் வேலையில் ஊறிய மூளை தன் பாட்டுக்குக் கேள்வி கேட்டது. நேற்று சரியாக வந்தது, இன்று வரவில்லை. நடுவில் மாறியது என்ன? பாட்டு அதேதான். விரல் அதேதான். லேப்டாப் அதேதான். மாறியது அந்த டப்பா.

ஒரே ஒரு முறை ஸ்பேஸ் பட்டையை அடித்துப் பார்த்தேன். விரல் பட்ட கணமே 'டும்'. இடைவெளியே இல்லை. புது டப்பா அத்தனை வேகம். வாளி இல்லை, காத்திருப்பு இல்லை, கேட்டதும் இலையில் சாம்பார். யாரும் ஆசைப்படும் நல்ல பொருள், என்னை அது கவிழ்த்துவிட்டது. மாதக்கணக்காக முந்தி அடித்துப் பழகிய விரல்கள் அரை மணி நேரத்தில் மறக்கச் சொன்னால் மறக்குமா? மறக்காது.

லேப்டாப் திரையில் டப்பாவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பஃபர் மிகச் சின்னதாக இருந்தது. அதைப் பெரிதாக்கினேன். மைக்செட்காரர் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அரே, கைக்கு மேடம்? இத்தா அச்சா டப்பா லாயா மை. ஸ்லோ கைக்கு கர்ரே?"

இத்தனை நல்ல டப்பாவைக் கொண்டுவந்தேனே, ஏன் மெதுவாக்குகிறீர்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அவர் தொழிலில் இப்படி ஒரு பாவத்தை யாரும் செய்து பார்த்திருக்க மாட்டார். "முஜே கராப் ஹோனா பையா" என்றேன். எனக்குக் கெட்டுப்போனதுதான் வேண்டும். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எவ்வளவு மெதுவாக என்பதை எண்ணில் எனக்குத் தெரியாது, விரலில்தான் தெரியும். பட்டையில் விரல் விழும் 'டக்', ஸ்பீக்கரில் 'டும்'. இன்னும் போதவில்லை. இன்னொரு படி பெரிதாக்கினேன். டக், டும். இன்னும் ஒரு படி. டக்... டும். இதோ, சாப்பாட்டு மேசையில் கேட்ட அதே கிழட்டு இடைவெளி. தொலைந்துபோன செருப்பு கிடைத்த மாதிரி இருந்தது.

"சார், ஒரே ஒரு தடவை" என்றேன்.

"நேரமில்லம்மா, ஜனங்க வந்தாச்சு. நேரா மேடையிலதான். சொன்னா சொன்னதுதான், ஒரு பாட்டு" என்றார். ஒத்திகை கிடையாது.

திடல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரியவர்கள், பின்னால் சுவரோரமாகக் காலனிப் பிள்ளைகள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் ரகம். பாட்டு நிகழ்ச்சி என்றால் அவர்கள் சுவரை விட்டு நகரவே மாட்டார்கள். பிள்ளையார் பாட்டு முடிந்தது. கும்மிப் பாட்டு ஆரம்பித்தது.

முதல் வரியில் அடி சரியான இடத்தில் விழுந்தது. இரண்டாம் வரியில் தபலாக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாம் வரி. அண்ணி இழுக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்கு என்ன ஆவேசமோ, வீட்டில் ஒரு நாளும் அவ்வளவு இழுத்ததில்லை. வாத்தியமெல்லாம் நின்றுவிட்டது. தலைவர் கீபோர்டில் கைவைத்தபடி என்னையே பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அண்ணிக்குப் பின்னால் உட்கார்ந்து, பட்டுப்புடவை மூடிய அந்த வலது தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோள் இறங்கியது. நான் அடித்தேன்.

குரல் நின்ற இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல், 'டும்' விழுந்தது. கூட்டத்திலிருந்து ஒரு ஓசை எழுந்தது. எனக்குப் பயம் முழுக்கப் போய்விட்டது. அடுத்த சுற்றில் உறுமியை விட்டேன். காரைக்குடிக்காரரின் வீட்டம்மா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிச் சுற்றில், ஒத்திகையில் சொல்லாததை, யாரையும் கேட்காமல் செய்தேன். கும்மியின் அடியை அப்படியே தீன்மாருக்குத் திருப்பினேன். தபலாக்காரர் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார். சுவரோரப் பிள்ளைகள் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மேடைக்கு முன்னால் ஓடிவந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ்க் கும்மிக்கு ஹைதராபாத் ஆட்டம். அண்ணி பாட்டை முடிக்க விடாமல் அவர்கள் இன்னொரு சுற்றுக் கேட்டார்கள், அண்ணியும் பாடினார்.

பாட்டு முடிந்தது. தலைவர் இடது பக்கம் திரும்பி, வாடகை டிரம்ஸ்காரரிடம் கையால் 'இருங்கள்' என்று காட்டினார். அவர் குச்சியைத் தொடைமேல் வைத்தபடி, "பாகுந்தி அக்கா", நன்றாக இருக்கிறது அக்கா என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். மிச்சப் பாட்டு அத்தனையும் நான்தான் அடித்தேன்.

கடைசியில் அறிமுகம். தபலா, கும்பகோணம். ஒரு மூலையில் கைதட்டல். புல்லாங்குழல், காரைக்குடி. வாய்ப்பாட்டு, ஈரோடு என்றதும் நல்ல ஆரவாரம். அடுத்து நான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலனியில் பொள்ளாச்சிக்காரர்கள் என்று யாரும் இல்லை. அண்ணன் ஒருவன்தான். அவனோ பொது இடத்தில் கைதட்டினால் மானம் போய்விடும் என்று நினைக்கிறவன். ஊருக்கு ஒரு கைதட்டல் என்ற கணக்கில் எனக்குப் பூஜ்யம்தான் வரப்போகிறது.

தலைவர் மைக்கை வாயருகே கொண்டுபோய் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டுமென்றே காக்கவைத்தார். பிறகு சொன்னார்.

"டிரம்ஸ், பொள்ளாச்சி."

நினைத்தபடியே யாரும் கைதட்டவில்லை. அப்போது மேடையின் இடது ஓரத்திலிருந்து படபடவென்று ஒரு முழக்கம் கிளம்பியது. பொள்ளாச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத அந்த சிகந்திராபாத் டிரம்ஸ்காரர், மாலை முழுக்கத் தொடாமல் வைத்திருந்த தன் குச்சிகளை எடுத்து, எனக்காக உருட்டி வாசித்து செட்டின் வெண்கலத் தட்டில் ஓங்கி ஓர் அடியோடு முடித்தார். பிள்ளைகள் கத்தினார்கள். திடல் முழுக்கக் கைதட்டியது. கூட்டத்தின் நடுவில் என் அண்ணன் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான்.